எல்லாமே மூலம் இல்லீங்க!

மலம் கழிக்கும்போது உயிர் போகிற வலி. கூடவே சொட்டுச் சொட்டாக ரத்தம். உடனே ‘மூலம்தான்’ என்று நீங்களே முடிவு கட்டி, யாரிடமும் சொல்லாமல் பல்லைக் கடித்துக் கொண்டிருக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். அது ஆசனவாய் வெடிப்பாக இருக்கலாம். ஆரம்பத்திலேயே கவனித்தால், பெரும்பாலும் கத்தியைத் தொடாமலே ஆறிவிடுகிற சமாசாரம்!

திருத்தணிக்குப் பக்கத்தில், ஆந்திர எல்லையோரம் இருக்கிறது அம்மையார்குப்பம். நெசவுக்குப் பேர் போன ஊர். தெருவுக்குள் நுழைந்தாலே தறிச் சத்தம் காதில் விழும். வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தமிழ்நாட்டில் கத்திரி வெயில் சுட்டெரிக்கும் ஊர்களின் பட்டியலில் திருத்தணி தவறாமல் இடம் பிடித்துவிடும்.

இந்த ஊரில் ஒரு கைத்தறி நெசவாளரைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். காலையில் ஒரு டீ குடித்துவிட்டுத் தறிக்குழியில் காலை இறக்கினால், எழுந்திருக்க மனசு வராது. பாவு முடிய வேண்டும், சேலையை அறுத்துக் கொடுக்க வேண்டும், கூலி வாங்க வேண்டும். வயிறு கூப்பிட்டாலும் “இதோ, இந்த முழத்தை முடிச்சுட்டுப் போறேன்” என்று அடக்கிவிடுவார். தாகம் எடுத்தால் தண்ணீருக்குப் பதில் இன்னொரு டீ. மத்தியானம் வெள்ளைச் சோறு, காரக் குழம்பு. காய் பேருக்குத்தான்.

ஒரு நாள் கெட்டியாக மலம் இறங்குகிறது. கண்ணாடித் துண்டு கிழித்த மாதிரி ஒரு சுரீர்! கழுவும்போது கையில் ரத்தம். வெளியே வந்த பிறகும் ஒரு மணி, இரண்டு மணி நேரம் எரிச்சல். உட்கார முடியவில்லை. தறியில் உட்காராவிட்டால் அன்றைய கூலி போச்சு.

மறுநாள் பயத்தில் கழிப்பறைப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் மலம் இன்னும் கல்லாகி, வெடிப்பு இன்னும் ஆழமாகிறது. சம்சாரத்திடம் சொல்லக் கூச்சம். கடைசியில் சிநேகிதர் ஒருவரிடம் வாயைத் திறக்கிறார். “அண்ணே, சந்தேகமே வேணாம், மூலம்தான். பஸ் ஸ்டாண்டு சுவத்துல போஸ்டர் ஒட்டியிருக்கான் பாருங்க, ஒரே ஊசியில கொணம்!” என்கிறார் அவர்.

இங்கேதான் ஆபத்து ஆரம்பிக்கிறது.

நீங்கள் நெசவாளராக இல்லாமல் இருக்கலாம். கம்ப்யூட்டர் முன்னால் எட்டு மணி நேரம் உட்காருபவரா? கடையில் கல்லாவை விட்டு நகர முடியாதவரா? பஸ் ஓட்டுபவரா? பள்ளிக்கூடக் கழிப்பறைக்குப் போகப் பிடிக்காமல் சாயந்திரம் வரை அடக்குகிற டீச்சரா? அப்படியானால் இது உங்கள் கதையும்தான்.

வெடிப்பு என்றால் என்ன?

மலக்குடல் முடிந்து வெளியே திறக்கிற பாதை சுமார் 3 முதல் 4 சென்டிமீட்டர் நீளம்தான். அதன் வெளிப்பாதியை மூடியிருப்பது மெல்லிய தோல். அந்தத் தோலில் நீளவாக்கில் விழுகிற கீறல்தான் ஆசனவாய் வெடிப்பு. டாக்டர்கள் ‘பிஷர்’ என்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு முதுகுப் பக்கம் நடுக்கோட்டில் வரும். பெண்கள் சிலருக்கு, முக்கியமாகப் பிரசவத்துக்குப் பிறகு, முன்பக்கம் வருவதுண்டு.

இத்தனூண்டு கீறலுக்கா இத்தனை வலி? ஆமாம். விரல் நுனியில் இருப்பது போல அந்தத் தோலில் வலி நரம்புகள் நெருக்கமாக இருக்கின்றன. அதற்கு மேலே உள்ள உட்பகுதியில் அவ்வளவு வலி உணர்ச்சி கிடையாது. அதனால்தான் உள்மூலம் வலிக்காமலே ரத்தம் கொட்டும். வெடிப்போ துளி ரத்தத்துக்கே ஆளைத் துடிக்க வைத்துவிடும்.

இந்த மூன்றையும் குழப்பிக் கொள்ளாதீர்கள்

* வெடிப்பு: மலம் போகும்போது கிழிக்கிற வலி. அதன் பிறகும் சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரம் வரை எரிச்சல். ரத்தம் கொஞ்சம்தான், பளிச்சென்ற சிவப்பு.

* மூலம்: ரத்தக்குழாய்த் திசுக்கள் வீங்கி இறங்குவது. பெரும்பாலும் வலியில்லாமல் ரத்தம் சொட்டும், சில சமயம் பீச்சும். சதை வெளியே வந்து உள்ளே போகும். வெளிமூலத்தில் ரத்தம் கட்டிக் கொண்டால் மட்டும் கடும் வலியோடு கட்டி தெரியும்.

* பவுத்திரம்: ஆசனவாய்க்குப் பக்கத்துத் தோலில் சின்னத் துவாரம். அதிலிருந்து சீழோ நீரோ கசிந்து உள்ளாடையை நனைக்கும். அநேகமாக முன்பு சீழ்க்கட்டி வந்து உடைந்த இடமாக இருக்கும்.

பழைய வெடிப்பின் நுனியில் சின்னதாக ஒரு தோல் மடிப்பு வளர்ந்து தொங்கும். அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பலரும் ‘மூலச் சதை’ என்று பயப்படுகிறார்கள். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. அதனால் என்ன நோய் என்று டாக்டர் பார்த்துச் சொல்வதற்கு முன் எந்த ஊசிக்கும் உடம்பைக் கொடுக்காதீர்கள்.

ஏன் ஆறாமல் இழுக்கிறது?

உதட்டோரம் வெடித்திருக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை கொட்டாவி விடும்போதும் மறுபடி பிளந்து கொள்ளும் இல்லையா? இங்கேயும் அப்படித்தான். ஆனால் இங்கே கூடவே இன்னொரு வில்லன் இருக்கிறான்.

ஆசனவாயைச் சுற்றி வளையம் போல இரண்டு தசைகள் உண்டு. வெளித்தசை நம் பேச்சைக் கேட்கும். வேண்டும்போது இறுக்கலாம், விடலாம். உள்தசை நம் பேச்சைக் கேட்காது. தானாக வேலை செய்வது. வெடிப்பு வலித்ததும் இந்த உள்தசை இறுக்கிப் பிடித்துக் கொள்கிறது. இறுகினால் அந்த இடத்துக்கு வருகிற ரத்த ஓட்டம் குறைகிறது. ரத்தம் வராத புண் எப்படி ஆறும்? புண் ஆறாததால் வலி, வலியால் இறுக்கம், இறுக்கத்தால் புண் ஆறவில்லை... இப்படியே செக்கு மாடு மாதிரி சுற்றும்.

இந்தச் சுற்றை அறுப்பதுதான் வைத்தியம். நெசவாளருக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். பாவில் இழை அறுந்தால் தறியை நிறுத்திவிட்டுத்தானே முடிச்சுப் போடுகிறீர்கள்? ஓடுகிற தறியில் முடிச்சுப் போட முடியுமா? அதே போல் மலத்தை இளக்கி, தசையைத் தளர்த்தினால் போதும். புண்ணை ஆற்றுகிற வேலையை உடம்பே பார்த்துக் கொள்ளும்.

முதலில் வீட்டு வைத்தியம்

வெடிப்பு வந்து ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் இருந்தால் அது புது வெடிப்பு. கீழே சொல்கிறவற்றை ஒழுங்காகச் செய்தாலே ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆறிவிடுகிறது.

1. வெந்நீர்த் தொட்டி: அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றி, இடுப்புப் பகுதி நனைகிற மாதிரி 10 முதல் 15 நிமிடம் உட்காருங்கள். மலம் கழித்த உடனே ஒரு தரம், படுக்கப் போகும் முன் ஒரு தரம். தசை இளகும், வலி குறையும். டெட்டால், பொட்டாசியம் பெர்மாங்கனேட் எதுவும் வேண்டாம், புண்ணை எரிக்கும். சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்தவர்கள் வீட்டில் வேறொருவரைச் சூடு பார்க்கச் சொல்லுங்கள்.

2. இசப்கோல்: ராத்திரி ஒன்று அல்லது இரண்டு டீஸ்பூன் இசப்கோல் உமியை ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடியுங்கள். மேலே இன்னொரு டம்ளர் தண்ணீர். தண்ணீர் குடிக்காமல் இசப்கோல் மட்டும் சாப்பிட்டால் மலம் இன்னும் இறுகும். விழுங்கச் சிரமம் உள்ளவர்கள், குடல் அடைப்பு வந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது.

3. கழுவும் முறை: சோப்புப் போட்டுத் தேய்க்காதீர்கள். தண்ணீரில் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள்.

4. முக்காதீர்கள்: ஐந்து நிமிடத்தில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். கைபேசியைக் கழிப்பறைக்குள் கொண்டு போகிற வழக்கத்தை இன்றோடு விடுங்கள்! மேல்நாட்டுக் கழிப்பறையாக இருந்தால் காலடியில் ஒரு சின்ன முக்காலி போட்டுக் கொண்டு, முட்டி இடுப்பை விடச் சற்று உயர இருக்கும்படி உட்காருங்கள்.

விளக்கெண்ணெய், பேதி மாத்திரை என்று அடிக்கடி வயிற்றைக் கழுவுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கெட்டி மலம் மட்டுமில்லை, ஓயாத பேதியும் வெடிப்பை உண்டாக்கும். வேண்டியது பேதி அல்ல. வாழைப்பழம் போல இளகிய மலம்.

டாக்டர் என்ன செய்வார்?

“அங்கே எல்லாம் காட்டணுமே...” இந்தக் கூச்சம்தான் பாதி நோயை வளர்க்கிறது. உண்மையில் நடப்பது இவ்வளவுதான்: இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, பிட்டத்தை மெல்ல விலக்கிப் பார்ப்பார். புது வெடிப்பு அநேகமாகக் கண்ணுக்கே தெரிந்துவிடும். வலி அதிகமாக இருந்தால் விரலோ கருவியோ உள்ளே விட மாட்டார்கள். வலி தணிந்த பிறகு பார்த்துக் கொள்வார்கள். பெண்கள், பெண் டாக்டர் வேண்டும் என்றோ, நர்ஸ் கூட இருக்க வேண்டும் என்றோ தாராளமாகக் கேட்கலாம்.

மரத்துப் போகச் செய்யும் களிம்பு வலியைக் குறைக்கும். தசையைத் தளர்த்த வேறு இரண்டு களிம்புகள் உண்டு. இவை இரண்டுமே இதய நோய்க்கான மருந்திலிருந்து வந்தவை என்பது சுவாரஸ்யம்! நெஞ்சு வலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின், ரத்தக் கொதிப்புக்குத் தரும் டில்டியாசெம் இரண்டும் ஆசனவாயின் உள்தசையையும் இளக்குகின்றன. நைட்ரோகிளிசரின் உடம்பில் நைட்ரிக் ஆக்ஸைடை வெளிவிடுவதால் இப்படி வேலை செய்கிறது. அந்த நைட்ரிக் ஆக்ஸைடு பற்றிய கண்டுபிடிப்புக்குத்தான் 1998-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

நைட்ரோகிளிசரின் களிம்பு சிலருக்குத் தலைவலியைக் கொடுக்கும். அதனால் டாக்டர் சொன்ன அளவு மட்டும், கையுறை மாட்டிய விரலால் தடவுங்கள். ஆண்மைக் குறைவுக்கான மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். களிம்பை ஆறிலிருந்து எட்டு வாரம் போட வேண்டும். நான்கு நாளில் வலி போச்சே என்று நிறுத்தினால் வெடிப்பு திரும்பி வரும்.

களிம்புக்கும் மசியவில்லை என்றால் உள்தசையில் போட்யுலினம் ஊசி போடுவார்கள். அது சில மாதங்களுக்குத் தசையைத் தளர்த்தி வைக்கும். அடுத்தது அறுவை சிகிச்சை. தென்னாப்பிரிக்க சர்ஜன் ஐசன்ஹாமர் 1951-ல் உள்தசையை வெட்டுகிற முறையை எழுதினார். அதைப் பக்கவாட்டில், சின்னக் கீறலில் செய்யலாம் என்று 1969-ல் லண்டனில் நோட்டாரஸ் காட்டினார். இன்றும் அதே வழிதான். உள்தசையில் ஒரு சிறு பகுதியை மட்டும் வெட்டித் தளர்த்துவார்கள். அன்றோ மறுநாளோ வீட்டுக்குப் போகலாம். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் குணமாகிறது.

ஒரு விஷயத்தை ஒளிக்கக் கூடாது. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு சிலருக்குக் காற்றை அடக்க முடியாமல் போவதோ, லேசாகக் கசிவதோ உண்டு. பிரசவத்தின்போது அடித்தசை கிழிந்த பெண்களுக்கு இந்த ஆபத்து அதிகம். அதைச் சர்ஜனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

போஸ்டர் வைத்தியம் வேண்டாம்!

‘மூலம், பவுத்திரம் ஆபரேஷன் இல்லாமல் குணம்’ என்ற போர்டு இல்லாத ஊர் நம்மிடம் அபூர்வம். எல்லா வெடிப்புக்கும் ஆபரேஷன் வேண்டாம் என்பது நிஜம்தான். ஆனால் படிக்காத கை, என்ன மருந்து என்றே சொல்லாமல் அந்த இடத்தில் ஊசி போட்டாலோ, காரமான மருந்தை வைத்தாலோ சதை வெந்துபோகும், சீழ் பிடிக்கும், ஆறும்போது ஆசனவாயே சுருங்கிவிடும். அதைவிடப் பெரிய நஷ்டம் காலம். மலக்குடல் புற்றுநோயும் ரத்தத்தோடுதான் ஆரம்பிக்கும். அதை ‘மூலம்’ என்று நினைத்துப் போஸ்டர் வைத்தியத்தில் ஆறு மாதத்தைக் கழித்தால் அந்த ஆறு மாதம் திரும்பி வராது.

அம்மையார்குப்பத்துக்காரருக்குத் திருத்தணியில் அரசு மருத்துவமனை இருக்கிறது. அதற்கு மேல் வேண்டுமானால் திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. உங்கள் ஊரிலும் இப்படி ஒரு இடம் பக்கத்திலேயே இருக்கும். சர்ஜரி பிரிவு என்று கேட்டுப் போங்கள்.

இவை இருந்தால் நாளைக் கடத்தாதீர்கள்

* வலியே இல்லாமல் ரத்தம், அல்லது மலத்தோடு கலந்த கரும் ரத்தம்
* காரணமில்லாமல் எடை குறைவது, சோகை
* நாற்பது வயதுக்கு மேல் திடீரென்று மலப்பழக்கம் மாறுவது
* குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் வந்திருப்பது
* காய்ச்சல், வீக்கம், சீழ்
* நடுக்கோட்டை விட்டு விலகிப் பக்கவாட்டில் உள்ள வெடிப்பு அல்லது பல வெடிப்புகள். காசநோய், குடல் அழற்சி போன்றவை பின்னால் ஒளிந்திருக்கலாம்

வராமல் தடுக்கச் சமையலறைக்குப் போவோம்

ஆப்பிரிக்காவில் உகாண்டாவில் வேலை பார்த்த சர்ஜன் டெனிஸ் பர்கிட், 1972-ல் சகாக்களோடு ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். நார்ச்சத்து அதிகம் சாப்பிடுகிற கிராமத்து ஆப்பிரிக்கர்களுக்கு மலம் அளவில் அதிகமாகவும், சீக்கிரமாகவும் வெளியேறுகிறது. தீட்டிய உணவு சாப்பிடுகிற மேல்நாட்டவர்களுக்கு நேர்மாறாக இருக்கிறது என்று காட்டினார். நம் பாட்டிகள் கேவுரு கூழ் குடித்த காலத்தையும், நாம் மல்லிகைப்பூ மாதிரி சோறு கேட்கிற காலத்தையும் ஒப்பிட்டாலும் இதே கதைதான்.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட உணவுப் பட்டியல்படி 100 கிராம் தீட்டிய அரிசியில் நார்ச்சத்து சுமார் 3 கிராம்தான். அதே அளவு கேழ்வரகிலும் கம்பிலும் சுமார் 11 கிராம்! பெரியவர்களுக்கு நாளைக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து வேண்டும். வெள்ளைச் சோற்றை மட்டும் நம்பினால் எப்படி எட்டுவது?

காலையில் கேவுரு கூழோ களியோ, மத்தியானம் ஒரு கைப்பிடி கீரையும் அவரை, கொத்தவரை மாதிரி ஒரு காயும், சாயந்திரம் ஒரு கொய்யாப்பழமோ சுண்டலோ, ராத்திரி ஒரு வாழைப்பழம். இவ்வளவு போதும், பர்ஸும் தாங்கும். ஒரே நாளில் கூட்டாதீர்கள், வயிறு உப்பும். இரண்டு வாரத்தில் மெதுவாகக் கூட்டுங்கள்.

கூடவே தண்ணீர். வெயில் காலத்தில் தறியிலோ பட்டறையிலோ வேலை பார்த்தால் நாளைக்கு இரண்டரை, மூன்று லிட்டராவது வேண்டும். பக்கத்திலேயே ஒரு பாட்டில் வைத்துக் கொள்ளுங்கள். இதய, சிறுநீரக நோயாளிகள் மட்டும் டாக்டர் சொன்ன அளவு குடிக்கட்டும். ஆடிக் கிருத்திகைக்கு விரதம் இருக்கிறீர்களா? சாப்பாட்டைத் தள்ளிப் போடுங்கள். தண்ணீரைத் தள்ளிப் போடாதீர்கள். முருகன் கோபித்துக் கொள்ள மாட்டார்!

இன்னொன்று நேரம். காலைச் சாப்பாடு உள்ளே போனதும் குடல் தானாக அசையும். அடுத்த அரைமணி நேரத்தில் கழிப்பறைக்குப் போகிற வழக்கம் வைத்துக் கொள்ளுங்கள். வயிறு கூப்பிட்டால் தறியை நிறுத்துங்கள். ஒரு முழம் சேலை காத்திருக்கும்.

சந்தேகங்கள்

பிள்ளை பெற்ற பெண்ணுக்குத் தண்ணீர் அதிகம் தரக் கூடாது என்கிறாரே என் மாமியார்?

பத்தியம் என்ற பேரில் காயையும் தண்ணீரையும் குறைப்பதால்தான் பிரசவமான பல பெண்களுக்கு மலம் இறுகி வெடிப்பு வருகிறது. பால் கொடுக்கிற தாய்க்கு வழக்கத்தைவிட அதிகத் தண்ணீர் வேண்டும். கீரையும் பழமும் தாராளமாகக் கொடுங்கள். இரும்புச்சத்து மாத்திரையால் மலம் இறுகினால் மாத்திரையை நிறுத்தாதீர்கள். கிராம சுகாதார செவிலியரிடமோ டாக்டரிடமோ சொல்லுங்கள்.

என் மூன்று வயதுக் குழந்தை மலம் போக அழுகிறது, மூலையில் போய் நின்று அடக்கிக் கொள்கிறது. பிடிவாதமா?

பிடிவாதம் இல்லை, பயம். ஒரு முறை வலித்ததை நினைத்து அடக்குகிறது. திட்டாதீர்கள். பாலை மட்டும் குடித்து வளர்கிற குழந்தைகளுக்கு இது சகஜம். பாலைக் குறைத்துப் பழம், காய், தண்ணீர் கொடுங்கள். சோப்பு, வெற்றிலைக் காம்பு வைக்கிற கைவைத்தியம் வேண்டாம். குழந்தை டாக்டர் மலம் இளக்கும் சிரப் தருவார்.

காரம் சாப்பிட்டால் வெடிப்பு வருமா?

காரம் வெடிப்பை உண்டாக்குவதில்லை. ஆனால் ஏற்கெனவே உள்ள வெடிப்பில் எரிச்சலைக் கிளப்பும். ஆறும் வரை மிளகாயைக் குறையுங்கள்.

எனக்கு ஆறிவிட்டது. இனி கவலை இல்லையா?

பழைய பழக்கத்துக்குத் திரும்பினால் வெடிப்பும் திரும்பும். கூழையும் கீரையையும் தண்ணீரையும் விட்டுவிடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. பல் வலி என்றால் ஊருக்கே சொல்கிறோம். இதை மட்டும் ஏன் கட்டிய மனைவியிடமும், பெற்ற தாயிடமும் மறைக்கிறோம்? இதுவும் உடம்பில் ஒரு இடம்தான். இன்று ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் வேண்டாம், சாப்பாடு முடிந்த பிறகு வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்: “யாருக்காவது இந்தத் தொந்தரவு இருக்கா?” வெகு நாளாக வாய் திறக்காமல் இருந்த ஒருவர் அன்றைக்குத் திறக்கலாம்.